கிஃப்ட் கார்டு உறைகளின் புதிய விலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். துண்டுத் துணியில் தைக்கும் கிஃப்ட் கார்டு உறைகளின் விலையை ஏற்றியிருக்கிறோம். புதிய பட்டியல் இந்த மடலோடு இருக்கிறது. ஏற்றத்துக்குக் காரணம் நீங்கள் ஊகிப்பதுதான்: ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டி விறைப்புத் தருவது), நூல், டிச் பட்டன் (அழுத்தினால் மூடும் இரட்டைப் பட்டன்) எல்லாம் ஏறிவிட்டன, இவை எதுவும் துண்டுகளில் கிடைப்பதில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும். போதாக்குறைக்கு எங்கள் கட்டிங் மாஸ்டரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

விலை ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. "மிச்சத் துணி அவர்களுக்குச் சும்மா வருகிறது, அதற்குப் போய் இவ்வளவா?" என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுதான் சுடுகிறது. சும்மா வருகிறது, உண்மை. வந்தபடியே மிஷினுக்குப் போவதில்லை.

முதலில் தரம் பிரிக்க வேண்டும். பனியன் துணியையும் சாதா காட்டனையும் ஒரே உறையில் சேர்த்தால் ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. தைத்து முடித்ததும் உறை முறுக்கிக்கொண்டு நிற்கும். பாலியெஸ்டர் கலந்த துண்டு, காட்டனுக்கான சூட்டில் இஸ்திரி போட்டால் சுருண்டுவிடும். அதனால் அவை தனித்தனிக் குவியல். அடுத்து துவைத்தல். துவைக்காத காட்டனில் கேன்வாஸ் ஒட்டினால் முதல் சலவையிலேயே துணி சுருங்கும், கேன்வாஸ் சுருங்காது, மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அடர் சிவப்பையும் நீலத்தையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கிறோம். சாயம் ஒட்டினால் அதற்கு வெளிர் லைனிங் கிடையாது.

பிறகு நேர்நூல், அதாவது துணியின் நீள நூல் ஓடும் திசை பார்ப்பது. தானில், அதாவது முழுச் சுருளில், வாங்கும் துணிக்குக் கரை இருக்கும், குழப்பமில்லை. துண்டில் கரை இருக்காது; இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் குறைவாக இளகுகிறதோ அந்தப் பக்கம் உறையின் நீளம் வரும்படி வைக்க வேண்டும். நூலுக்குச் சாய்வாக வெட்டிய உறை கொஞ்ச நாளில் வாய் பிளந்துவிடும், கார்டு நழுவும். புதுத் தான் என்றால் பல அடுக்கு போட்டு ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். துண்டில் ஒவ்வொன்றும் தனி வெட்டு. நியாயமாகப் பார்த்தால் புதுத் துணியில் தைப்பதுதான் எங்களுக்கு மலிவு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை!

வீட்டிலேயே தைத்துக்கொள்கிறோம் என்கிறவர்கள் தாராளமாகத் தைக்கலாம். அளவை ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. பெரும்பாலான கிஃப்ட் கார்டுகள் ஏடிஎம் கார்டு அளவுதான்: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம், கனம் முக்கால் மி.மீ. வெளித்துணி 11 × 17 செ.மீ., மெல்லிய காட்டன் லைனிங் அதே அளவு, கேன்வாஸ் 9.6 × 15.6 செ.மீ. கேன்வாஸைச் சிறிதாக வெட்டுவது கஞ்சத்தனம் அல்ல. அது தையலுக்குள் போனால் ஓரம் தடித்து ஊசி முறியக்கூடும். சுற்றிலும் 6 மி.மீ. விட்டுத் தைத்துப் புரட்டினால் 9.8 × 15.8 செ.மீ. கிடைக்கும். அந்த 15.8 செ.மீ. நீளத்தை மடித்தால் பை 4.5 செ.மீ., பின்பக்கம் 6.3, மேல்மூடி 5. பை, கார்டைவிடக் குட்டையாக இருப்பது தெரிந்தே செய்ததுதான். பிடித்து இழுக்கக் கார்டின் விளிம்பு கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும்.

அகலத்தை 11-இலிருந்து 10.5 ஆக்கினால் இன்னும் நிறையத் துண்டுகள் தேறும். ஆனால் செய்யமாட்டோம். பக்கத் தையல் ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஓடுகிறது. 11-இல் வெட்டினால் பையின் உள்ளகலம் 9.2 செ.மீ., கார்டு போக 6 மி.மீ. சொச்சம் மிஞ்சும். 10.5-இல் வெட்டினால் 8.7. மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. கூட இல்லை, துணியின் கனமே அதைத் தின்றுவிடும். அரை செ.மீ. துணியை மிச்சப்படுத்தி முழு உறையையும் தூக்கிப் போடுகிற வேலை அது.

தைக்கும் வரிசையும் முக்கியம். கேன்வாஸை ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது. வைத்து அழுத்தி, 10 முதல் 15 விநாடி பொறுத்துத் தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். லைனிங் சேர்ப்பதற்கு முன்பே டிச் பட்டனின் குமிழ்ப் பாதியை வெளித்துணியில், பை வரும் முனையிலிருந்து 2.3 செ.மீ. உள்ளே, நடுவில் அடித்துவிட வேண்டும். பிறகு அடித்தால் அதன் பற்கள் லைனிங்கைத் தாண்டிப் பைக்குள் வந்து, கார்டில் ரகசிய எண்ணை மறைக்கும் பட்டையைக் கீறிவிடும். பிறகு நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத் தைத்து, பையின் வாய் வரும் முனையில் புரட்டுவதற்கு 5 செ.மீ. விடுங்கள். மூலைகளைத் தையலுக்கு 2 மி.மீ. தள்ளிச் சாய்வாக நறுக்குங்கள். புரட்டியபின் மூலையை மழுங்கிய குச்சியால் தள்ளுங்கள். கத்தரி முனையால் தள்ளினால் ஓட்டை நிச்சயம். புரட்டிய இடைவெளி, பையின் வாயில் ஓடும் மேல்தையலோடு மூடிக்கொள்ளும்.

பையை மடித்துப் பக்கம் தைக்கும்போதுதான் வீட்டு மிஷின்கள் அடம் பிடிக்கும். அந்த ஓரத்தில் எட்டு அடுக்குத் துணி இருக்கிறது. 11-ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு 14 போடுங்கள், தையல் நீளம் 3 மி.மீ. வையுங்கள். அடி மடிப்பிலிருந்து தொடங்கி மூடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்க மடிப்பில் முடியுங்கள். தொடக்கத்தில் பிரஷர் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) பின்பாதிக்கு அடியில் அதே கனத்துக்கு ஒரு துண்டை மடித்து வைத்தால் மிஷின் மூலையை உள்ளே இழுக்காது. பையின் வாயருகே இரண்டு மூன்று தையல் முன்னும் பின்னும் போடாவிட்டால் கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். கடைசியாக ஒரு கார்டை உள்ளே வைத்து, குமிழில் சாக்பீஸ் தடவி, மூடியை அழுத்துங்கள். அச்சு விழுந்த இடத்தில்தான் பட்டனின் மறுபாதி. காலி உறையில் குறித்தால், கார்டு வைத்ததும் மூடி எட்டாமல் போகும்.

முன்பு எங்கள் உறைகளில் இருந்த காந்தப் பட்டன் எங்கே என்று கேட்கிறார்கள். பல கிஃப்ட் கார்டுகளின் காந்தப் பட்டை, வங்கிக் கார்டுகளில் இருப்பதைவிட எளிதில் அழியக்கூடியது. பார்க்க அழகான பட்டன்தான், அதற்காகக் கார்டில் இருக்கும் பணத்தைப் பணயம் வைக்க முடியாது.

பறவைப் படம் போட்ட துணியில் "பின்பக்கம் பறவை தலைகீழாக நிற்கிறது" என்பது இன்னொரு புகார். ஒரே துண்டை மடித்துத் தைக்கும் உறையில், முன்பக்கப் பறவை நேராக நின்றால் பின்பக்கப் பறவை தலைகீழாகத்தான் நிற்கும். நிமிர்த்த வேண்டுமென்றால் சரியாக இரண்டு மடிப்பிலும் ஒட்டுப் போட வேண்டும். மடிப்பு மடங்காமல் புடைத்துக்கொள்ளும். நாங்கள் போடும் ஒட்டு அப்படியல்ல. 17 செ.மீ. நீளத் துண்டு அமையாதபோது 9.1 செ.மீ. துண்டுகள் இரண்டைச் சேர்க்கிறோம். ஒட்டு பின்பக்கத்தின் நடுவில் விழும், மடிப்பைத் தொடாது. அதைக் குறை என்று சொல்வதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் சுளிக்காமல் தொடர்ந்து வாங்குகிறீர்கள். வீட்டில் கிழிந்த சட்டையைக்கூட எங்களுக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்தனுப்புகிறீர்கள். உங்களால்தான் இந்த மேசை ஓடுகிறது, மனமார்ந்த நன்றி. புதிதாக வந்திருப்பவருக்கு வெட்டுக் கை பழகும்வரை, 12-க்குக் குறைவான ஆர்டரும் நிறம் சொல்லிக் கேட்கும் ஆர்டரும் எடுக்கவில்லை. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

சொந்தத் துணி கொடுத்தனுப்புகிறவர்கள் துவைத்து, கஞ்சி போடாமல் அனுப்புங்கள். கஞ்சித் துணியில் கேன்வாஸ் சரியாகப் பிடிக்காது. கார்டு காகித அட்டையோடு உள்ளே போக வேண்டுமென்றால் அந்த அட்டையின் அளவையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தையலகத்தார்