மார்கழிக்கும் கதை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குக் கிலோக்கணக்கில் மலர் வருகிறது. அதை வாங்கி, விளம்பரத்தைத் தள்ளித் தள்ளிக் கதையைத் தேடிப் படித்து முடிப்பதற்குள் கார்த்திகையும் போய்விடும். அப்புறம் மார்கழி வந்து, அரைப் பரீட்சை லீவில் பிள்ளைகள் வீட்டில் கிடக்க, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று நோம்பியும் (எங்கள் பக்கம் பண்டிகை என்று யார் சொல்கிறார்கள்!) வரிசையாக வரும்போது பார்த்தால் படிக்க ஒன்றும் இருக்காது.

ஒன்றும் இல்லை என்றால் தப்பு. போன டிசம்பரில் உங்கள் ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் சிறப்புச் சிறுகதை என்று ஒன்று வந்திருந்தது. கதை நடப்பது கோயமுத்தூரில் என்று முதல் பத்தியிலேயே போட்டிருந்தது, மூன்றாவது பத்தியில் கதாநாயகி கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பஞ்சு பஞ்சாகப் பனி விழுவதைப் பார்க்கிறாள். காந்திபுரத்திலா சிங்காநல்லூரிலா என்று சொல்லவில்லை. உறைபனி வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போய்த் தலைக்குந்தா பக்கம் விடிவதற்கு முன்னால் நிற்க வேண்டும், அதுவும் மேலேயிருந்து விழாது, புல்மேல் உப்புத் தூவின மாதிரி கிடக்கும், வெயில் வந்தால் போச்சு. அந்தப் போட்டோவை வருஷா வருஷம் நீங்களே போடுகிறீர்கள்.

எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும், காரணம் என் வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் ஆர்டர் எங்களுக்கு ஆடியிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஆடிக்காற்றில் ஷெட் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, கலைமானும் பனிப்பொம்மையும் அச்சடித்த பீஸை நாள் பூராவும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கலைமான் மூக்கில் சிவப்பு துளி வழிந்திருந்தாலும் ஒதுக்கிப் போடுவேன். அவர்கள் ஊர்ப் பனியை அவர்களுக்கே தைத்து அனுப்பியாயிற்று. மார்கழியில் கதை படிக்கலாம் என்று உட்கார்ந்தால் அங்கேயும் அதே கலைமான் வந்து நின்றால் எப்படி?

அவர்களைக் குறை சொல்லவில்லை. லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, மீதியெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிப் பேசித்தான் கிறிஸ்துமஸோடு பேய்க்கதையும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் எழுத்தாளர் டிக்கன்ஸ் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ என்று அப்படி ஒரு சின்னக் கதையை 1843 டிசம்பர் 19ஆம் தேதி தனிப் புத்தகமாகக் கொண்டு வந்தார், முதலில் அடித்த 6,000 பிரதியும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் தீர்ந்துவிட்டது. நமக்கு மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. அதனால் நம் பேய் நடுராத்திரிப் பேய் இல்லை, விடிகாலைப் பேய். நாலு மணிக்கு வாசல் தெளிக்கப் போனால், கோயிலில் ரிக்கார்டு பாடிக்கொண்டிருக்கும், மூடுபனியில் பத்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது, யாரோ முக்காடு போட்டுக்கொண்டு நடந்து போவார்கள், “யாருங்க அது?” என்றால் பதில் வராது. தெரிந்தவராகத்தான் இருக்கும். பெரும்பாலும். ராத்திரி முறைக் கரண்டுக்கு மோட்டார் போடப் பேட்டரி லைட்டோடு கிணற்று மேட்டுக்குத் தனியாகப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

என் அம்முச்சி (அம்மாவைப் பெற்றவள்) இதில் கெட்டிக்காரி. தோட்டத்துச் சாளை வாசலில் தேங்காய்மட்டையைக் கொளுத்திப் போட்டு, மொச்சைக்காய் உரித்துக்கொண்டே முனி கதை சொல்லும். ஒரு முறம் காய் தீரும்போது கதையும் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் நீளம். முனி வேலாமரத்தை விட்டு இறங்கி, இட்டேரியில் (இரண்டு பக்கமும் வேலி வைத்த தடம்) நடந்து, எங்கள் கட்டுத்தரைக்கே வந்து, எருமை மிரண்டு கயிற்றை இழுக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, “கண்ணு, தொட்டிக்கிட்டச் சொம்ப வெச்சுட்டு வந்துட்டேன், போய் எடுத்துட்டு வா சாமி” என்று சொல்லும். சொம்பு அங்கே இருக்காது. அம்முச்சி முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். தொட்டிக்குப் போக இருபது எட்டு, திரும்பி வர ஓட்டம்.

மார்கழி கடைசி நாள் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வாசல், கட்டுத்தரை, கிணறு என்று செருகி முடித்தால் அம்முச்சியும் பேய்க்கதையை மூட்டை கட்டிவிடும், “இனி அது உள்ள வராது” என்று. பேய்க்கதை எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு சுத்தமான முடிவு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

காதல் கதைக்கும் மார்கழியை விட்டால் வேறு மாசம் இல்லை. பொண்ணு பார்க்க மாட்டார்கள், நிச்சயம் வைக்க மாட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் ஜாதகம் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், தை பிறக்கிற வரைக்கும் இரண்டு வீடும் சும்மா இருக்க வேண்டும். பெண்ணுக்கு மனசில் வேறு ஆள் இருந்தால் அந்த ஒரு மாசமும் கதைதான். முடிவைப் பொங்கலை ஒட்டி வருகிற பூப்பறிக்கிற நோம்பியில் வைத்துக்கொள்ளலாம், கும்மியடிக்கிற கூட்டத்தில் அவள் மட்டும் இல்லை என்று.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லைங்க. மார்கழியில் நாளுக்கு ஒன்றாகத் திருப்பாவை 30 பாட்டும் போடுகிறீர்கள், சரி, நல்லது. அதோடு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கதை, நாலு ஞாயிறு. விஜயமங்கலத்தில் பஸ் ஏறினால் திருப்பூர் வர முக்கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் முடிந்தால் போதும். ஒன்று பேய், ஒன்று காதல், ஒன்று சிரிப்பு, இன்னொன்று எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கடைசியில் எல்லாரும் திருந்தி, அழுது, சேர்ந்து நின்று பொங்கல் வைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பொங்கல் அடிப்பிடித்த வீட்டுக் கதையும் வரட்டும். ஊருக்குப் போக பஸ் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டிலேயே போகி விடிந்தவர்கள் எங்கள் கம்பெனியிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் வருஷா வருஷம் டிசம்பரில் கேரல் பாட ராத்திரியில் வருவார்கள், கிடாரோடு, பின்னாலேயே தெருநாய் அத்தனையும் குரைத்துக்கொண்டு. கதையில் பாட வந்தவர்கள் ஒன்பது பேர். வீட்டுக்காரி எண்ணிப் பார்த்துத்தான் டீ போடுகிறாள், ஆனாலும் ஏதோ ஞாபகத்தில் தட்டில் பத்து டம்ளர் வைத்துவிடுகிறாள். தட்டு திரும்பி வரும்போது பத்தும் காலி. அதற்குமேல் இங்கே சொல்ல மாட்டேன். இடம் ஒதுக்குவதாக இருந்தால் அனுப்புகிறேன், சன்மானம் எவ்வளவு என்பதையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விஜயமங்கலம்