இன்ஜினில் எழுதியிருந்த ‘ஏ113’ தவறான விடை அன்று

அனுப்புநர்:
ஓவிய ஆசிரியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
சிறுவர் தொலைக்காட்சி நிறுவனம்,
சென்னை.

பொருள்: விளம்பரப் படத்தில் ஒளிந்துள்ள அனிமேஷன் படக் குறிப்புகளைக் கண்டறியும் போட்டியில் சரியான விடை நிராகரிக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற அக்டோபர் மாதம் தங்கள் அலைவரிசையில் நாற்பது வினாடி விளம்பரப் படம் ஒன்றை ஒளிபரப்பி, அதில் உலக அனிமேஷன் படங்களை நினைவூட்டும் பத்துக் குறிப்புகள் ஒளிந்திருப்பதாகவும், அவற்றைக் கண்டுபிடித்து எழுதும் பிள்ளைகளின் பெயர்கள் திரையில் காட்டப்படும் என்றும் அறிவித்திருந்தீர்கள். எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் சேர்ந்து பத்து விடைகளை எழுதி அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று, படத்தில் வரும் ரயில் இன்ஜினில் எழுதியிருந்த ‘ஏ113’. “இன்ஜினில் இருப்பது வண்டி எண் மட்டுமே; அது குறிப்பு ஆகாது. ஒரு விடை தவறானாலும் விடைத்தாள் ஏற்கப்படாது” என்று தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. அந்த முடிவு தவறானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிள்ளைகள் அந்த விடையைக் கண்டடைந்த விதத்தை முதலில் தாங்கள் அறிய வேண்டும். தங்கள் விளம்பரம் எங்கள் மலை ரயிலை வைத்தே வரையப்பட்டிருக்கிறது. நீலமும் வெண்மஞ்சளுமான பெட்டிகள் குகையைவிட்டு வெளிவருவதைப் பார்த்தவுடனே ஒரு மாணவி, “சார், இன்ஜின் மாறி நிக்குது” என்றாள். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சட்டம் (இன்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறும் பல்வரிசைச் சட்டம்) பதித்த பாதையில் நீராவி இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். படத்திலோ அது முன்னால் நின்று இழுக்கிறது. அந்தப் பிழையைச் சரிபார்க்கத்தான், செட்டாப் பெட்டியில் பதிவு செய்து வைத்திருந்த படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக (தனித்தனிப் படமாக) நிறுத்திப் பார்த்தோம். வினாடிக்கு 25 ஃப்ரேம்கள் ஓடும் நம் தொலைக்காட்சியில், இன்ஜினின் முகப்பில் எழுதியிருந்த ‘ஏ113’ சரியாக 11 ஃப்ரேம்களுக்கு, அதாவது அரை வினாடிக்கும் குறைவாகவே, படிக்கும்படி தெரிந்தது.

ஏ113 என்பது அமெரிக்காவில் ‘கால்ஆர்ட்ஸ்’ எனப்படும் கலிபோர்னியா கலை நிறுவனத்தில் அனிமேஷன் மாணவர்கள் பயின்ற ஒரு வகுப்பறையின் எண். அங்கே படித்து வெளிவந்தவர்களில் அனிமேஷன் பட இயக்குநர்களான ஜான் லாசெட்டரும் பிராட் பேர்டும் உண்டு. பேர்ட் 1987-இல் தொலைக்காட்சிக்காக இயக்கிய ஒரு கார்ட்டூனிலேயே இந்த எண்ணைப் பயன்படுத்தினார். அதன்பின் அது அத்துறையினர் தங்களுக்குள் வழங்கும் வணக்கம் போலவே ஆகிவிட்டது. ‘டாய் ஸ்டோரி’யில் (1995) ஆண்டியின் தாயார் ஓட்டும் காரின் எண் பலகையிலும், ‘ஃபைண்டிங் நீமோ’வில் (2003) முக்குளிப்பவரின் கேமராவிலும் அது இருக்கிறது, ‘வால்-ஈ’யில் (2008) பூமிக்குத் திரும்பக் கூடாது என்ற ரகசிய ஆணையின் பெயரே அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘கார்ஸ்’ படத்தில் (2006) தண்டவாளத்தைக் கடக்கும் பந்தயக் கார் மெக்குயினை நோக்கிப் பாய்ந்து வரும் சரக்கு ரயிலின் இன்ஜினிலும் இதே எண் எழுதப்பட்டிருக்கிறது. ரயில் இன்ஜினில் ஏ113 என்று எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்பதில் இதற்குமேல் ஐயம் எழ முடியுமா?

தங்கள் பிரிவினர் சொல்வதுபோல அது வண்டி எண்ணாக இருக்க வழியில்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. குன்னூரில் இன்ஜின் பணிமனை இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நாள்தோறும் அதைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். இங்குள்ள எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களில் 37 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்தான் இருக்கும். எழுத்தும் மூன்றிலக்கமும் சேர்ந்த எண் எந்த இன்ஜினிலும் கிடையாது. வரைந்தவர் கண்ணில் கண்ட எண்ணை எழுதாமல், மனத்தில் இருந்த எண்ணை எழுதியிருக்கிறார். அந்த ஓவியக் கலைஞரை ஒரு முறை அழைத்துக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. தாம் ஒளித்து வைத்ததை எங்கோ ஒரு மலையூரில் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள் என்று அறிந்தால் அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நானும் தூரிகை பிடிப்பவன் என்ற முறையில் உணர்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. தாங்கள் வெளியிட்ட விடைப் பட்டியலில், நடைமேடையில் உருளும் மஞ்சள் பந்து ஒரு விடையாக இருக்கிறது. நீலப் பட்டையும் சிவப்பு நட்சத்திரமும் உள்ள அந்தப் பந்து 1986-இல் வெளிவந்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்திலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆனால் பந்து உருளும் நேரம் முழுவதும் திரையின் அடிப்பகுதியில் “விடைகளை அனுப்ப வேண்டிய எண்” என்ற வரி ஓடிக்கொண்டிருந்தது. பந்தின் மேல்விளிம்புகூட எங்களுக்குத் தெரியவில்லை. பின்னர் கைப்பேசியில் வேறொரு பதிப்பைப் பார்த்தபோதுதான் அது இருப்பதே தெரிந்தது. அப்போது கடைசி நாள் கடந்துவிட்டது. ஆகவே தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த எவராலும் தங்கள் பட்டியலை முழுமையாக எழுதியிருக்க முடியாது. தேயிலை மூட்டை ஏற்றிய, கூரையில் ராக்கெட் வைத்த ‘டாய் ஸ்டோரி’ பீட்சா வண்டியையும், தேநீர்க் கடை அலமாரியில் ஒன்பது ஃப்ரேம் மட்டுமே தெரியும், ஜப்பானிய அனிமேஷன் படத்தின் டோட்டோரோ பொம்மையையும்கூட எங்கள் பிள்ளைகள் தவறவிடவில்லை. தெரிந்தவற்றில் ஒன்றைக்கூட விடாதவர்களுக்குத்தான் “தவறு” என்ற பதில் வந்திருக்கிறது.

பரிசை நாங்கள் கேட்கவில்லை. படத்தில் உள்ள குறிப்புகள் பத்து அல்ல, பதினொன்று என்று விடைப் பட்டியலைத் திருத்தி அதே நேரத்தில் ஒளிபரப்ப வேண்டும். ஓடும் வரி இல்லாத முழுப் படத்தை ஒரு முறையேனும் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும். ஏ113 என்று எழுதியதால் நிராகரிக்கப்பட்ட வேறு விடைத்தாள்கள் இருந்தால் அவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மின்னஞ்சலை வகுப்பில் படித்துக் காட்டிய நாளிலிருந்து, இன்ஜின் எண்ணைக் கண்டுபிடித்த அந்த மாணவி, தன்னால்தான் மற்ற பதின்மூன்று பேரும் தோற்றதாக எண்ணி வருந்துகிறாள். அவளுடைய விடை சரியானது என்று தங்கள் நிறுவனத்தின் பெயரில், கையொப்பத்துடன் ஒரு கடிதம் பள்ளி முகவரிக்கு வர வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

நிறுத்தி எடுத்த 11 ஃப்ரேம்களின் படங்களையும், விடைத்தாளின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியர், குன்னூர்.