ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: தனுஷ்கோடி நடை பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருந்தேன். வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். பள்ளி வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்து நின்ற உங்களிடம், அதிலும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அந்த அம்மாவிடம், முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாமதத்துக்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து கேட்டார்: "அரிச்சல்முனை வரைக்கும்தான் ரோடு போட்டாச்சே, பஸ் போகுது. பிள்ளைங்களை எதுக்கு டீச்சர் வெயில்ல நடத்துறீங்க?" நியாயமான கேள்வி. 2017-இல் அந்தச் சாலை திறக்கும் வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணல்தான்; வேன்காரர்கள் தண்ணீரிலும் சேற்றிலும் ஓட்டிப்போவார்கள். இப்போது கால் மணி நேரத்தில் தீவின் கடைசியான அந்த முனையைத் தொட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நானும் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் இந்த முறை ஒன்பதரை கிலோமீட்டரையும் கரையோரமாக நடப்பது என்று ஆசிரியர்கள் சேர்ந்து முடிவு செய்தோம். பேருந்து சாலையில் எங்களுக்கு இணையாக வந்தது. முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தோம். 46 பேரில் மூன்று பேர் ஏறினார்கள், அதில் ஒருவர் ஆசிரியர்.

காலை ஏழு மணிக்கு முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கினோம். பாம்பன் தீவு அங்கிருந்து கிழக்கே ஒரு வால் போல நீண்டு மெலிகிறது. சில இடங்களில் ஒரு மணல்மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கடலும் ஒரே நேரத்தில் தெரியும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த கடல்; அதை மீனவர்கள் பெண்கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். பாடம் எடுத்தபோது பெண்கடல் அமைதியானது, ஆண்கடல் ஆர்ப்பரிப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் ஆண்கடல் குளம் மாதிரி கிடக்கிறது, பெண்கடலில்தான் வெள்ளை வெள்ளையாக அலை. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் காப்பாற்றினார். "இது வாடைக் காலம் தாயி. வாடையில பெண்கடல் ஆடும், ஆண்கடல் அடங்கும். கச்சான் கிளம்பட்டும், அப்புறம் வந்து பாரு, யாரு ஆம்பளைன்னு தெரியும்." வடகிழக்குக் காற்றுக்கு ஒரு கரை, தென்மேற்குக் காற்றுக்கு மறு கரை என்று அவர்கள் வலையையும் வள்ளத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். என் பாடக் குறிப்பைத் திருத்திவிட்டேன்.

கரையில் அடப்பங்கொடி படர்ந்து கிடந்தது. சங்கப் பாட்டில் 'அடும்பு' என்று வருவது இதுதான் என்று தமிழாசிரியர் காட்டினார். இராவணன் மீசை என்ற முள்புல்லைக் காட்ட யாரும் தேவைப்படவில்லை, காலில் குத்தித் தானே அறிமுகம் செய்துகொண்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த ஏழெட்டுப் பேருக்குச் சிராய்ப்பு. மருந்து போட்டிருக்கிறோம். பாதத்தில் நுனி முறிந்து உள்ளே நின்றிருந்தால் சிவந்து வீங்கும், தயவுசெய்து ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள்.

எனக்கு அந்த நாளில் மறக்க முடியாதது தண்ணீர். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் வெறும் மணல். அங்கே ஓலைக்குடிசையில் குடியிருக்கும் ஓர் அக்கா மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் கையாலேயே பறித்திருந்தார். அடியில் கசிந்து நின்ற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் கலங்காமல் மோந்து, துணி கட்டிய குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. நாலு முறை மோந்துவிட்டு நிறுத்துவார், ஊறுவதற்கு விடுவார், மறுபடி நாலு முறை. பிள்ளைகள் குடித்துப் பார்த்தார்கள், துளி உப்பில்லை. ஒரு பையன் உதவி செய்கிறேன் என்று குழியை ஆழமாகப் பறிக்கப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆழமாத் தோண்டாத ராசா, உப்பு ஏறிடும்."

அறிவியல் ஆசிரியர் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கினார். ஒரு லிட்டர் கடல்நீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 25 கிராம் கூடுதல் எடை. மணலில் இறங்கிய மழைநீர் அந்தக் கனமான உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. மேலே இருப்பதைப் பொறுமையாக எடுத்தால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு இறைத்தால் கீழே இருப்பது ஏறிவரும். அடர்த்தி பாடத்தை நான் பல வருடம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு அமைதியாக வகுப்பு கவனித்து நான் பார்த்ததில்லை. பேருந்தில் திரும்பும்போது "எங்க ஊர்ல ஆயிரம் அடிக்கு போர் போடுறாங்களே டீச்சர்" என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். அந்த விவாதம் தேவிபட்டினம் விலக்கு வரை ஓடியது.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி. கம்பிப்பாட்டுக்குச் சற்று முன்பு தலை எண்ணியபோது 44தான் வந்தது. இரண்டு பையன்களைக் காணோம். பிள்ளைகளை நிழலில் உட்கார வைத்துவிட்டு இரண்டு ஆசிரியர்கள் வந்த வழியே ஓடினார்கள். இருபத்தைந்து நிமிடம். ஒரு பக்கம் கடல். அந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. பையன்கள் ஒரு கிலோமீட்டர் பின்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்களை "வெறுங்கையோட என்னத்த நிக்கிறீக, கயித்தப் புடிங்க" என்று சேர்த்துக்கொண்டார்களாம். வலையின் மடி கரையேறும்வரை விட்டுவரக் கூடாது என்று நினைத்துவிட்டார்கள். கூலியாக ஆளுக்கு ஒரு கை சூடை மீன், செய்தித்தாளில் சுற்றி. அவர்களைத் திட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. தவறு என்னுடையது. நிற்கும் இடத்தில் மட்டும்தான் எண்ணினோம். நடக்கும்போது கடைசியில் ஓர் ஆசிரியர் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அப்படியே செய்தோம், இனி எப்போதும் அப்படித்தான். அந்த இரு வீட்டுப் பெற்றோரிடம் நேரில் பேசிவிட்டேன். மீன் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். ராமநாதபுரம் தாண்டும்வரை பேருந்து மணத்தது.

பத்தரை மணிக்குப் பழைய ஊரை அடைந்தோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் வரை இது பெரிய துறைமுக ஊர். 1914 முதல் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் ரயிலில் வந்து இங்கே இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போவார்கள். அந்தப் புயல் இரவில் பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணிகள் ரயில், ஊரை எட்டும் நேரத்தில் அலையில் போனது. நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இவ்வளவும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், யூடியூப் புண்ணியம். அவர்கள் தேடியது பேய். 'பேய் நகரம்' என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே சங்கு விற்றுக்கொண்டு, நம்மிடம் "தேத்தண்ணி குடிக்கிறீகளா" என்று கேட்கிறார்கள்.

ஒரு மாணவி மட்டும் தண்டவாளம் இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய அப்பத்தா கண்டித் தோட்டத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் வந்தவராம். அது புயலுக்குப் பிந்தைய கதை, அந்தக் கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு வந்தது, இங்கே அல்ல என்று சொன்னேன். "தெரியும் டீச்சர். ஆனா அப்பத்தா தனுஷ்கோடின்னுதான் சொல்லும்," என்றாள். நான் மேற்கொண்டு திருத்தவில்லை.

தேவாலயத்தின் இடிந்த சுவரில் ஒரு கல்லைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டார்கள். மேலெல்லாம் நட்சத்திர நட்சத்திரமாகக் குழிகள். பவளக்கல். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டி எடுத்துச் சுவரும் எழுப்பினார்கள், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிரின் வீடு என்று சொன்னதும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். அந்தச் சுவரைவிட்டு அவர்களைக் கிளப்புவதுதான் கடினமாக இருந்தது.

அரிச்சல்முனையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம், ஐஸ் வண்டி, அசோகத் தூண். நீரோட்டம் பொல்லாதது, குளிக்கத் தடை. கால்கூட நனைக்க விடவில்லை, அதற்காக என்மேல் கோபமாக இருக்கிறார்கள். என் கைப்பேசிக்கு 'இலங்கைக்கு நல்வரவு' என்று செய்தி வந்தது. தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தானே. பகலில் நீங்கள் அழைத்தபோது யாருக்கும் கிடைக்காமல் போனதற்கும் அந்தக் கரையில் நம் சிக்னல் வந்து வந்து போனதுதான் காரணம். திரும்பும் வழியில் ஓடைப் பக்கம் பூநாரைக் கூட்டம் நின்றது. 2025 ஜூனில் அங்கே 524 ஹெக்டேருக்கு மேல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பேருந்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், விழித்திருந்தவர்கள் பார்த்தார்கள்.

தாமதம் பாம்பன் பாலத்தில். புதிய தூக்குப்பாலத்தில் ரயில் வருகிறது என்று தெரிந்ததும் சாலைப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆளாளுக்குப் படம் எடுக்க இறங்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. நம் பிள்ளைகளும் ஜன்னலில் தொங்கி ரயிலைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு: ஆளுக்கு 450 ரூபாய் வாங்கினோம். பேருந்து, காலை, மதிய உணவு, ராமநாதபுரத்தில் இரவுத் தோசை எல்லாம் போக ஆளுக்கு 32 ரூபாய் மிச்சம். வகுப்பாசிரியர் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவார். ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இப்போது வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் என்னை அழைத்து, மகனின் பையில் மணலோடு ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது, பவளம் போலத் தெரிகிறது என்றார். அவருக்கு நன்றி. அது ஒன்று மட்டும் இருக்காது என்று எனக்குத் தெரியும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் பவளமும் சேர்க்கப்பட்டது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டானாலும் எடுத்துவருவது குற்றம். சில வகைச் சங்குகளும் பட்டியலில் உண்டு. எது உண்டு எது இல்லை என்று பிரிக்கும் வேலையை வனத்துறையினருக்கே விட்டுவிடுவோம். கல்லோ சங்கோ எது இருந்தாலும் கொடுத்தனுப்புங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். கிளம்பும் முன்பே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். இராவணன் மீசையைப் பற்றிக்கூட எச்சரித்தேன், இதை மறந்துவிட்டேன்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. தேவாலயச் சுவரருகே ஒரு மாணவன் என் காதோரம் வந்து கேட்டான்: "டீச்சர், உங்க மேசையில பேப்பர் பறக்காம வெச்சிருக்கீங்களே, அந்தக் கல்லும் இதுதானே?" அதேதான். 1998-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்டபத்துக் கரையில் பொறுக்கியது. அப்போது பட்டியலில் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு இத்தனை வருடம் அது என் வருகைப் பதிவேட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அலுவலக வாசலில் மணிக்குப் பக்கத்து பெஞ்சில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். யார் போட்டது என்று எழுதத் தேவையில்லை, யாரும் நின்று பார்க்கவும் மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை வரை பெட்டி அங்கே இருக்கும். சனிக்கிழமை நானே எடுத்துப்போய் ராமநாதபுரத்தில் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன். என் கல்லை இன்று காலையே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்