'சர்நேம் சின்னம்' ஃபிரேம் இனிமே நம்ம கடைல கிடையாதுங்க, ஏன்னு ஒரு மடல்

இங்கிலாந்துல இருக்க நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

ரெண்டு மாசமா கடைக்குள்ள கால் வைக்கிறவங்க கேக்குற மொத கேள்வி, ஜன்னலோரம் தொங்கிட்டிருந்த அந்த சிங்கம், கேடயம், ரிப்பன் போட்ட ஃபிரேம் எல்லாம் எங்க போச்சுன்னுதான். ஆஃபீஸ்ல இங்கிலீஷ்கார மேனேஜர் ரிட்டயர் ஆகுறாரு, அவரு சர்நேமுக்கு ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது அந்த கேடயச் சின்னம், அடிச்சு குடுங்கன்னு வாரத்துக்கு நாலு பேராவது வருவீங்க, நல்லா வித்த சரக்குதான், பொய் சொல்லல. ஆனா இனிமே விக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். கல்லாவுல நின்னு ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

நடந்தத சொல்றேன். நம்ம வாடிக்கையாளர் ஒரு அம்மா, ஆஸ்பத்திரில வேலை பாக்குறவங்க, வார்டு டாக்டர் ஒருத்தரு ரிட்டயர் ஆகுறாருன்னு அவரு சர்நேம் போட்ட ஃபிரேம் வாங்கிட்டு போனாங்க. பேரு வேணாம், சாதாரண பேருதான். பார்ட்டில எல்லாரும் கை தட்ட அவரு பிரிச்சு பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே, "இது எங்களோடது இல்லம்மா, எங்க தாத்தா செருப்பு தச்சவரு, இது வேற ஊர் பேரனெட்டோடது"ன்னு சொல்லிருக்காரு (பேரனெட்டுன்னா அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு எறங்கற 'சர்' பட்டம் வச்சிருக்கறவரு). நல்ல மனுஷன், ஃபிரேம வாங்கிக்கிட்டாரு. ஆனா அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் கடைக்கு வந்து ஒண்ணும் திட்டல, "அண்ணே நீங்க பாத்து குடுத்திருக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க, அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம். நாங்க பாத்து குடுக்கலங்க, அதான் உண்மை. ஹோல்சேல்ல ஒரு சிடி வாங்கி வச்சிருந்தோம், சர்நேம தட்டினா ஒரு படம் வரும், பிரிண்ட் போட்டு சட்டம் அடிச்சு குடுப்போம். அந்தப் படம் யாரோடதுன்னு ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல.

அதுக்கப்புறம்தான் நானும் என் பொண்ணும் சேந்து இத ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சோம். மொத விஷயம், இங்கிலாந்துல கோட் ஆஃப் ஆர்ம்ஸ் சர்நேமுக்கு கிடையவே கிடையாது, அது ஒரு ஆளுக்கு குடுக்கறது. அந்த ஆளுக்கும் அவரோட ஆண் வழி வாரிசுகளுக்கும்தான் பாத்தியதை, அதே சர்நேம் வச்சிருக்க பக்கத்து தெருக்காரருக்கு ஒண்ணும் இல்ல. குடுக்கறது லண்டன்ல இருக்க காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், 1484-ல மூணாம் ரிச்சர்ட் ராஜா ஆரம்பிச்சது, இன்னிக்கும் நடக்குது. ஸ்காட்லாந்துக்கு தனியா லார்ட் லயன் கோர்ட்டு, அங்க இன்னும் கறாரு. இங்கிலாந்துல இந்த சின்ன தகராறுங்கள விசாரிக்க ஷிவல்ரி கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, இருநூறு வருஷத்துக்கு மேல தூங்கிட்டு இருந்துட்டு 1954-ல திடீர்னு எழுந்து ஒரே ஒரு கேஸ் கேட்டுச்சு, மான்செஸ்டர் மாநகராட்சியோட சின்னத்த ஒரு தியேட்டர் கம்பெனி போட்டுக்கிச்சுன்னு, மாநகராட்சிதான் ஜெயிச்சுது. நம்ம ஃபிரேமுக்காக யாரும் கேஸ் போட போறதில்ல, அது வேற விஷயம். ஆனா அடுத்தவன் வீட்டு பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்து விக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. இன்னொண்ணு, நாம எல்லாத்தையும் 'ஃபேமிலி க்ரெஸ்ட்'டுன்னு சொல்றோம்ல, க்ரெஸ்ட்டுங்கறது கேடயத்துக்கு மேல ஹெல்மெட், அதுக்கு மேல உக்காந்திருக்கற பொம்மை மட்டும்தானாம். பத்து வருஷம் வித்தவனுக்கே இப்பதான் தெரியுது.

நம்மாளுங்க ஏன் இதுல ஈஸியா ஏமாறுறோம்னு யோசிச்சேன். நமக்கு சர்நேமே கிடையாது, அப்பா பேரு இனிஷியல், அவ்ளோதான். அதனால இங்கிலீஷ்காரங்க சர்நேம பாத்தா நம்ம கோத்திரம் மாதிரி, குலம் மாதிரி, ஒரே பேருன்னா எல்லாரும் பங்காளின்னு நெனச்சுக்கறோம். ஸ்மித்துன்னா கொல்லர் வேலை பாத்தவரு, ஊருக்கு ஒருத்தர் இருந்தாரு, எல்லாரும் எப்படி ஒரே வீடா இருக்க முடியும்?

பெரிய வீடுங்கள்ல இந்த சர்நேம் கதை இன்னும் வேடிக்கை. நம்ம மெட்ராஸ்காரங்களுக்கு தெரிஞ்ச ஆளையே எடுத்துக்கலாம். பக்கிங்காம் கால்வாய்னு சொல்றோமே, மயிலாப்பூர் பக்கம் மூக்க பொத்திக்கிட்டு தாண்டுவோமே, அந்த பேரு மூணாவது ட்யூக் ஆஃப் பக்கிங்காம் அண்ட் சாண்டோஸ்ங்கற ஆளோடது (ட்யூக்னா பிரபு பட்டங்கள்லயே பெருசு, ஏர்ல், வைகவுண்ட் எல்லாம் அதுக்கு கீழ). 1875-லேர்ந்து 1880 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர், தாது வருஷ பஞ்சம் அவரு காலத்துலதான், பஞ்ச நிவாரண வேலையாத்தான் கால்வாய நீட்டி வெட்டினாங்க, 1878-ல அவரு பேர வச்சாங்க. இவரோட சர்நேம் என்ன தெரியுமா, டெம்பிள்-நுஜென்ட்-ப்ரிட்ஜஸ்-சாண்டோஸ்-க்ரென்வில். அஞ்சு பேரு. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற வாத்தியார நெனச்சு பாருங்க.

இந்த அஞ்சும் பந்தாவுக்கு சேத்தது இல்ல, ஆதி பேர தவிர மத்தது எல்லாம் கல்யாணத்துல வந்தது, ஒவ்வொரு கல்யாணமும் ஒரு சொத்து. க்ரென்வில்தான் ஆதி பேரு, பக்கிங்காம்ஷயர்ல வாட்டன்ங்கற ஊர் பண்ணைக்காரங்க. ஸ்டோவ் அரண்மனை டெம்பிள் குடும்பத்தோடது, அங்கேர்ந்து ஹெஸ்டர் டெம்பிள்னு ஒரு பொண்ணு இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு, டெம்பிள் வந்தாச்சு. அப்புறம் 1775-ல நுஜென்ட் பிரபுவோட மக. 1796-ல கடைசி சாண்டோஸ் ட்யூக்கோட ஒரே மக, அந்த வீட்டு ப்ரிட்ஜஸ்-சாண்டோஸ் ரெண்டும் 1799-ல ராஜா பெர்மிஷனோட ஒட்டிக்கிச்சு. ஆண் வாரிசு இல்லாத வீட்டு பொண்ண கட்டினா, சொத்தோட சேத்து பேரையும் சின்னத்தையும் தூக்கிட்டு வரணும்னு அந்த வீட்டு பெரியவங்க உயில்லயே எழுதி வைப்பாங்க, நம்ம ஊர்ல வீட்டோட மாப்பிள்ளைக்கு சொல்ற மாதிரி. சின்னத்தையும் அப்படியே சேத்து சேத்து, ஸ்டோவ் வீட்டுக்காக வரைஞ்ச ஒரு சித்திரத்துல ஒரே கேடயத்த 719 கட்டமா பிரிச்சிருக்காங்க. இத நான் 12-க்கு 10 ஃபிரேம்ல எங்க போடறது?

இவ்ளோ பேரு வச்சிருந்தும் காசு நிக்கல. இவரோட அப்பா, ரெண்டாவது ட்யூக், பத்து லட்சம் பவுண்டுக்கு மேல கடன் வாங்கி திவாலாகி, 1848-ல ஸ்டோவ் வீட்டு சாமான 40 நாள் ஏலம் விட்டாங்க. ஓவியம், வெள்ளி பாத்திரம், ஒயின், எல்லாம் போச்சு. இப்ப அந்த வீடு ஒரு ஸ்கூலு.

நான் அசந்து போனது 1889-ல நம்ம கவர்னர் செத்தப்ப நடந்ததுதான். மூணும் பொண்ணு, பையன் இல்ல. நாம என்ன நெனப்போம், பட்டம் மொத்தமா யாரோ ஒரு பங்காளிக்கு போயிருக்கும்னு. இல்ல. ட்யூக் பட்டம் அதோட முடிஞ்சுது. ஏர்ல் டெம்பிள் ஆஃப் ஸ்டோவ் பட்டம் அக்கா தங்கச்சி வழில மருமகனுக்கு போச்சு, அவரு சர்நேம் கோர்-லாங்டன். கோபம் வைகவுண்ட் பட்டம் தூரத்து சொந்தமான லிட்டில்டன் குடும்பத்துக்கு. ஸ்காட்லாந்து பட்டம் ஒண்ணு இருந்துச்சு, கின்லாஸ், அது மூத்த மக மேரிக்கு. செத்தது ஒரு ஆளு, பட்டம் நாலு திக்குல போச்சு. ஏன்னா ஒவ்வொரு பட்டமும் தனித்தனி பத்திரம், குடுக்கும்போதே இது யாருக்கு எறங்கணும்னு அதுல எழுதியிருக்கும், முக்கால்வாசி ஆண் வாரிசுக்கு மட்டும்னு, சிலது பொண்ணு வழிக்கும் ஓகேன்னு. அதனால யாராவது "எங்க மேனேஜர் லார்டு வம்சமாம்"னு சொன்னா நான் இப்ப மொதல்ல கேக்கறது எந்த பட்டம், எந்த பத்திரம்னுதான்.

அப்புறம் நம்ம பாகப்பிரிவினை அந்த காலத்துல இங்க கிடையாதுங்க. மண்ணும் வீடும் மூத்தவனுக்கு, மத்த பசங்க பட்டாளம், சர்ச், வக்கீல், இல்லன்னா கிழக்கிந்திய கம்பெனி. சின்ன பசங்களோட பசங்க வெறும் மிஸ்டர். வின்ஸ்டன் சர்ச்சிலையே எடுத்துக்கோங்க, ஏழாவது ட்யூக் ஆஃப் மார்ல்பரோவோட பேரன், ஆனா மூணாவது பையனோட மகன், அதனால பட்டம் இல்ல. 1895-ல அவரு அப்பா போனதுலேர்ந்து 1897-ல அப்போதைய ட்யூக்குக்கு ஒரு பையன் பொறக்கற வரைக்கும் அவருதான் அடுத்த வாரிசு லைன்ல நின்னாரு, குழந்தை பொறந்துச்சு, அவ்ளோதான். இப்படி நாலு தலைமுறை எறங்கினா செருப்பு தைக்கிறவரும் பேரனெட்டும் நிஜமாவே ஒரே பாட்டன் பேரன்களா இருக்கலாம், அந்த டாக்டர் விஷயத்துல கூட யாரு கண்டா. ஆனா அத ரெக்கார்டு பாத்து சொல்லணும், சிடி பாத்து இல்ல. பேரனெட்டுன்னதும் லார்டுன்னு நெனச்சுக்காதீங்க, அது 1611-ல முதலாம் ஜேம்ஸ் ராஜா காசுக்காக உண்டாக்கினது, 1,095 பவுண்டு கட்டினா பட்டம், அயர்லாந்துல 30 சிப்பாய்க்கு மூணு வருஷ சம்பளம்னு கணக்கு. அவங்க சர்தான், லார்டு இல்ல. ஸ்காட்லாந்துல ஒரு சதுர அடி நெலம் ஆன்லைன்ல வாங்கிட்டு வந்து 'லார்டு'ன்னு போர்டு அடிச்சு குடுங்கன்னு கேட்டவரு இத படிக்கறாருன்னு நம்பறேன், சார், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த நெலத்த ரெஜிஸ்டரே பண்ண முடியாது.

சரி, அதுக்கு பதிலா நாங்க என்ன செய்யறோம்னா, ஃபேமிலி ட்ரீ சார்ட். சின்னம் கிடையாது, பேரு, வருஷம், ஊரு, அவ்ளோதான், ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ ஒரு ரெக்கார்டு இருக்கும். லேட் ஆகுதுன்னு ரெண்டு மூணு பேரு கோவிச்சுக்கிட்டீங்க, ஏன் லேட்டுன்னு கொஞ்சம் சொல்லிடறேன்.

எல்லாரும் கேக்கறது, பெரிய சிவப்பு அட்டை புக்கு இருக்கே, பட்டக்காரங்க குடும்ப வரலாறு போட்ட பர்க் பீரேஜ், அத பாத்து எழுத வேண்டியதுதானேன்னு. ஜான் பர்க்னு ஒரு அயர்லாந்துக்காரரு 1826-ல ஆரம்பிச்சது, பட்டம் இல்லாத நெலக்கிழாருங்களுக்கு 1833-லேர்ந்து தனி புக்கு, அதுதான் பின்னாடி லேண்டட் ஜென்ட்ரி ஆச்சு. அருமையான புக்குதான், நானே ஒரு பழைய காப்பி வாங்கி வச்சிருக்கேன். பிரச்சினை என்னன்னா பழைய பதிப்புல அந்தந்த குடும்பம் சொன்ன கதைய அப்படியே போட்டுட்டாங்க, யார கேட்டாலும் இங்கிலாந்த புடிச்ச வில்லியம் ராஜாவோட 1066-ல கப்பல்ல வந்தோம்பாங்க. டென்பி ஏர்ல் குடும்பம், ஃபீல்டிங், அவங்க ஆஸ்திரியா ஹாப்ஸ்பர்க் ராஜ வம்சத்துலேர்ந்து வந்தோம்னு தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு இருந்தாங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் நம்பினாங்க. 1901-ல ஜே. எச். ரவுண்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரு பத்திரங்கள ஒவ்வொண்ணா எடுத்து பாத்து எல்லாம் கட்டுக்கதைன்னு ஒடச்சு போட்டாரு. அதுக்கப்புறம் வந்த பர்க் பதிப்புங்க எவ்வளவோ தேவலாம்.

அதுல டி.எஸ்.பி.ன்னு அடிக்கடி வரும், போலீஸ் இல்லைங்க, லத்தீன்ல 'பிள்ளை இல்லாம செத்தாரு'ன்னு அர்த்தம். என் பொண்ணு மொத நாள் பாத்துட்டு "என்னப்பா இந்த குடும்பத்துல இத்தன டி.எஸ்.பி."ன்னு கேட்டா. வி.பி.ன்னா அப்பா உயிரோட இருக்கும்போதே செத்தாரு. சின்ன எழுத்துதான், ஆனா ஒரு டி.எஸ்.பி. தப்பா போச்சுன்னா இல்லாத ஒரு கிளைய நாமளே வளத்துடுவோம்.

அதனால நாங்க உயிரோட இருக்கறவங்கள்லேர்ந்து பின்னாடி போறோம், ட்யூக்லேர்ந்து முன்னாடி வர்றதில்ல. 1837 ஜூலை வரைக்கும் சர்க்கார் பிறப்பு இறப்பு சர்ட்டிஃபிகேட் கிடைக்கும், அதுக்கு முன்னாடி சர்ச் ரெஜிஸ்டர், அது 1538-லேர்ந்து உண்டு, ஆனா எல்லா ஊர்லயும் மிஞ்சல, 1640-கள் உள்நாட்டு போர் சமயத்துல பாதி ஊருக்கு ஓட்டை. பழைய உயில் நிறைய லண்டன்ல க்யூங்கற இடத்துல இருக்க தேசிய ஆவணக்காப்பகத்துல இருக்கு. பெரிய குடும்பம்னா 1530-லேர்ந்து 1688 வரைக்கும் ஹெரால்டுங்க, அதாவது சின்னங்கள கவனிக்கற ராஜாவோட அதிகாரிங்க, ஊர் ஊரா போய் யாருக்கு சின்னம் போட உரிமை இருக்குன்னு விசாரிச்சு எழுதின நோட்டும் இருக்கு. மெட்ராஸ்லேர்ந்து வந்த ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள் நம்மகிட்ட கொஞ்ச பேரு இருக்கீங்க, உங்களுக்கு கோட்டை செயின்ட் மேரீஸ் மாதிரி சர்ச்சுங்கள்லேர்ந்து லண்டனுக்கு அனுப்பின காப்பி பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, அது தனி வேலை, தனியா பேசிக்கலாம்.

ஒரு குழப்பத்த மட்டும் சொல்லியே ஆகணும். ஒரு சார்ட் டெலிவரி ஆன அன்னிக்கே போன் வந்துச்சு, "என்னங்க, கல்யாணம் ஏப்ரல் 1710, குழந்தைக்கு ஞானஸ்நானம் பிப்ரவரி 1710-ன்னு போட்டிருக்கீங்க, எங்க வீட்டுக்காரர் குடும்பத்த அசிங்கப்படுத்தறீங்களா"ன்னு. அசிங்கம் இல்லம்மா, 1752-க்கு முன்னாடி இங்கிலாந்துல வருஷம் பொறக்கறது மார்ச் 25-ம் தேதி. அதனால அவங்க எழுதின பிப்ரவரி 1710 வர்றது ஏப்ரல் 1710-க்கு அப்புறம், பத்து மாசம் கழிச்சு, நம்ம கணக்குல 1711. இனிமே அந்த மாதிரி தேதிக்கு ரெண்டு வருஷத்தையும் சேத்து 1710/11-ன்னே போடறோம்.

மத்தபடி, சர்நேம் ஃபிரேம் வாங்கினவங்க பில்லு இல்லன்னாலும் பரவால்ல, எடுத்துட்டு வாங்க, முழு காசும் திருப்பி தர்றோம், இல்லன்னா உள்ள இருக்க படத்த மட்டும் எடுத்துட்டு உங்க கல்யாண போட்டோ எதாவது போட்டு குடுக்கறோம், சட்டம் நல்ல ஓக்கு மரம், அதுல ஒரு குறையும் இல்ல. சார்ட் வேணும்னா உங்க மேனேஜரோட தாத்தா பாட்டி பேரு, பொறந்த ஊரு இதாவது கேட்டு வாங்கிட்டு வாங்க, அவருக்கு தெரியாம ரகசியமா பண்ணணும்னா அவரு வீட்டம்மாகிட்ட கேளுங்க, ஆறு வாரம் டைம் குடுங்க. செவ்வாக்கிழமை கடை லீவு, அன்னிக்கு நான் க்யூ ஆவணக்காப்பகத்துலதான் இருப்பேன்.