பாலு பேப்பர் போடப் போறானாம்

டேய் சேகரு,

பொங்கலுக்கு நீ போட்ட மெயிலுக்கு இன்னும் பதில் போடல, தெரியும், நல்லா திட்டிக்கோ. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப சீரியல்ல எவ எந்தக் கலர் புடவை கட்டியிருக்கான்னு கரெக்டா சொல்லுது. பெரியவ வேலைக்கு சேந்துட்டா. சின்னவனப் பத்தி கேக்காத. எனக்கு சுகர் இருக்கு, ஆனா கண்ட்ரோல்ல இருக்குன்னு டாக்டர் சொல்றாரு, வீட்ல நம்ப மாட்றாங்க. அவ்ளோதான் நலம் விசாரிப்பு. விஷயத்துக்கு வரேன்.

நம்ம பாலு காலேஜ் தமிழ் வாத்தியார் வேலைய விடப் போறான்டா. அரசியலுக்கு.

சிரிக்காத. நானும் சிரிச்சேன், சுமதி போன்ல அழுதுச்சு, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. "அண்ணே, இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குண்ணே, 2003க்கு முன்னாடி சேந்ததால பழைய பென்ஷன்ல இருக்காரு, விஆர்எஸ் குடுத்துட்டு கொடி புடிக்கப் போறேங்குறாரு, நீங்க ஒரு எட்டு வந்து சொல்லுங்கண்ணே"ன்னுச்சு. நான் போய் சொல்லி அவன் என்னைக்குடா கேட்டான்? ரூம் நம்பர் 14ல ஃபேன் விஷயத்துல கேட்டானா? இருந்தாலும் போனேன்.

போனா வாசல் திண்ணையில சம்மணம் போட்டு உக்காந்து சிவப்பு பேனாவோட ஏதோ திருத்திட்டு இருக்கான். பரீட்சை பேப்பர்னு நெனச்சேன். இல்லடா, போஸ்டர் ப்ரூஃப். "பொதுக்கூட்டத்திர்கு"ன்னு இருந்துச்சு, அந்த ர் மேல ஒரு வட்டம், பக்கத்துல ஓரத்துல ற், அதுக்குக் கீழ ரெண்டு கோடு. செகண்ட் இயர் பையனோட பேப்பர்ல போடுற அதே கோடு. ஏற்கனவே மாவட்டத்தோட (கட்சி மாவட்டச் செயலாளரத்தான் சொல்றேன்) பொறந்த நாளுக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ்ல "வாழ்த்துக்கள்"னு இருந்ததுக்கு, க் வராது, வாழ்த்துகள்தான்னு சண்டை போட்டு திரும்ப அடிக்க வெச்சிருக்கான், செலவு இவன் கையில இருந்து. அந்த மாவட்டம் யாரு தெரியுமா? இவன்கிட்ட படிச்ச பையன். 38 வயசு. தமிழ்ப் பேப்பர்லயே ரெண்டு அரியர் வெச்சிருந்தவன், அதுவும் பாலு எடுத்த பேப்பர்ல. இப்ப அவன் வண்டி வந்து நின்னா நம்மாளு எழுந்து நிக்கிறான்டா. நானே பார்த்தேன். துண்ட தோள்ல சரி பண்ணிக்கிட்டு எழுந்தான்.

எனக்கு அந்த ஒரு விஷயம்தான் ஜீரணமாகல. தோத்துப் போவான், காசு போகும், அதெல்லாம் ரெண்டாவது.

இத அவன்கிட்டயே சொன்னேன், கொஞ்சம் காரமாவே. கோவிச்சுக்கல. கண்ணாடிய கழட்டித் தொடச்சுக்கிட்டே "பேராசிரியர் நிக்கலயா?"ன்னான். அவ்ளோதான். கட்சியே வேற, ஆனா நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற யாரும் அர்த்தம் கெடையாதே. அதுக்கு மேல எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு வாரமா திமுகவோட க. அன்பழகனப் பத்தி தேடித் தேடிப் படிச்சிட்டு இருக்கேன், அவன மடக்க ஒரு பாயிண்ட் கெடைக்குமான்னு.

மொதல்ல நம்ம பக்கத்துக்காரர் பாரு, காட்டூர், 1922 டிசம்பர்ல பொறந்தவரு, பேரு ராமையா. அப்புறம்தான் அன்பழகன்னு மாத்திக்கிட்டாரு, திருக்கண்ணபுரம் நாராயணசாமி நெடுஞ்செழியனா ஆன மாதிரி. அண்ணாமலை யுனிவர்சிட்டில தமிழ் எம்ஏ. கலைஞர் இவர விட ஒன்றரை வயசு சின்னவரு, ஸ்கூல் ஃபைனல்லயே பாஸாகாதவரு. 1942ல திருவாரூர் கூட்டம் ஒண்ணுலதான் ரெண்டு பேருக்கும் பழக்கம், அங்க மேடையில பேசுற இடத்துல இருந்தது அன்பழகன், தன்னோட மாணவர் மன்றத்துக்கு வந்து பேசணும்னு கூப்புட்டது பள்ளிக்கூடத்துப் பையன் கருணாநிதி. புரியுதா, ஆரம்பத்துல யாரு எங்க நின்னாங்கன்னு.

அப்புறம் 1944ல பச்சையப்பன்ல விரிவுரையாளர். 1957 வரைக்கும் 13 வருஷம் அங்கதான். அந்த வருஷம் திமுக மொத மொதல்ல எலெக்‌ஷன்ல நின்னு 15 பேர் ஜெயிச்சாங்களே, எழும்பூர்ல ஜெயிச்சது இவரு. குளித்தலையில கலைஞர். அப்புறம் மேலவை, 67ல திருச்செங்கோட்டுலேருந்து எம்பி, 71ல சுகாதார மந்திரி. (மேலவைன்னதும் ஞாபகம் வருது, வாத்தியாருங்களுக்குன்னே தனியா சீட்டு இருந்துச்சு அங்க, வாத்தியாருங்களே ஓட்டுப் போட்டு அனுப்புவாங்க, 86ல எம்ஜிஆர் மேலவையவே மூடிட்டாரு. அது இருந்திருந்தா பாலு மாதிரி ஆளு ஃப்ளெக்ஸ்காரன்கிட்ட நிக்க வேண்டாம், போய் உக்காந்து சந்திப்பிழை திருத்திக்கிட்டு இருக்கலாம். ஒரு கேஸுக்குத் தனிச் சட்டமா கேக்குறேன்னு நெனைக்காத, ஸ்டேட்ல நிறைய பாலு இருக்கானுங்க.)

ஆனா நான் முழிச்சுக்கிட்டு யோசிச்சது இதெல்லாம் இல்ல. 1977. நெடுஞ்செழியன் கட்சிய விட்டுப் போறாரு, அந்த பொதுச்செயலாளர் நாற்காலி இவருக்கு வருது. அது சாதாரண நாற்காலி இல்லடா. அண்ணா உக்காந்த நாற்காலி. தலைவர் எடம் பெரியாருக்குன்னு காலியா வெச்சிட்டு அண்ணா பொதுச்செயலாளராத்தான் இருந்தாரு. அண்ணா போனப்புறம் 69ல கலைஞர் தலைவர் ஆனதும் அது தானா ரெண்டாவது எடம் ஆயிருச்சு. அதுல இவரு 2020 மார்ச் 7ஆம் தேதி கண்ண மூடுற வரைக்கும் இருந்தாரு. 43 வருஷம். 97 வயசு. தனக்கு சின்னவரு, தன்ன விட படிப்பு கம்மியானவரு, அவரு தலைவர், இவரு பொதுச்செயலாளர், மேடைக்கு மேடை அந்த வரிசையிலயே. கலைஞர் போய் ஒன்றரை வருஷம் கழிச்சு, அவரு புள்ள தலைவர் ஆனப்புறமும் அதே நாற்காலி. பெரியப்பான்னு கூப்புட்ட புள்ளைக்கும் கீழ.

நீ என்ன சொல்லுவ, பெரிய மனசுன்னு சொல்லுவ. பாலுவும் அதான் சொல்றான். எனக்கு ஒரு நாள் அப்படித் தோணுது, மறுநாள் காலையில பல்லு விளக்கும்போது, இல்ல, மொத எடத்துக்குப் போற தெம்பு இல்லாததுதான்னு தோணுது. நெடுஞ்செழியன் அண்ணா செத்தப்ப தற்காலிக முதல்வரா இருந்தாரு, எம்ஜிஆர் செத்தப்பவும் இருந்தாரு, ரெண்டு தடவையும் அந்த நாற்காலி நிலைக்கல. அவரு கட்சி மாறிப் பார்த்தாரு. இவரு மாறல. ரெண்டு பேரும் ஒரே யுனிவர்சிட்டி, ரெண்டு பேரும் தமிழ் படிச்ச ஆளுங்க, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ரெண்டாவதுதான். அப்ப என்னடா வித்தியாசம்? ஒருத்தர் எடத்த மாத்தி மாத்தி ரெண்டாவதா இருந்தாரு, இன்னொருத்தர் ஒரே எடத்துல இருந்தாரு.

சும்மா இருந்தாருன்னும் சொல்ல முடியல. 83ல ஈழப் பிரச்சினைக்கு கலைஞரோட சேந்து எம்எல்ஏ பதவிய தூக்கிப் போட்டாரு. 86ல இந்தி எதிர்ப்புல அரசியல் சட்டப் பிரிவ கொளுத்துனதுக்கு பத்து எம்எல்ஏ பதவி போச்சே, அதுல இவரும் ஒருத்தர். அந்த வயசுல நம்ம பிரின்சிபால் எல்லாம் ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கு மெனு போட்டுட்டு இருந்தாங்க. 96லேருந்து 2001 வரைக்கும் கல்வி மந்திரி, 1999ல அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் தமிழ்லயோ தாய்மொழியிலயோதான் சொல்லித் தரணும்னு ஒரு ஆர்டர் போட்டாங்க பாரு, அது அவங்க கவர்ன்மென்ட்டுதான். தமிழ் வாத்தியாரு ஒருத்தரு கல்வி மந்திரி நாற்காலியில உக்காந்தா வேற என்ன ஆசைப்படுவாரு சொல்லு? அடுத்த வருஷமே ஐகோர்ட்ல அடிச்சிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவரு வீட்ல எப்படி உக்காந்திருப்பாருன்னு எனக்குப் பார்க்கணும் போல இருந்துச்சு. அப்புறம் 83 வயசுக்கு மேல நிதி மந்திரி. 2011ல வில்லிவாக்கத்துல தோல்வி, 88 வயசுல. 88 வயசுல எலெக்‌ஷன்ல நின்னா தோக்கத்தான் செய்வாங்கன்னு நீ சொல்லலாம், நான் சொல்றது நின்னாரேன்னு.

எனக்கு அவரப் பார்த்த ஞாபகம் ஒண்ணே ஒண்ணுதான். ரொம்பச் சின்ன வயசு, ஏதோ எலெக்‌ஷன் நேரம், தெற்கு வீதியில கூட்டம், அப்பா தோள்ல தூக்கிட்டுப் போச்சு. எல்லாரும் கலைஞர் எப்ப வருவாருன்னு ரோட்டையே பார்த்துட்டு இருக்காங்க, மேடையில இவரு பேசுறாரு, நிறுத்தி நிதானமா, ஒரு விஷயத்துக்கு மூணு உதாரணம், அவசரமே இல்ல. எனக்குத் தூக்கம் சொக்குது. கடலைக்காரன் வேற போறான். அப்பா தொடைய கிள்ளி "வாத்தியாரு பேசுறாரு, முழிச்சுக் கேளுடா"ன்னுச்சு. கட்சித் தலைவர்னு சொல்லல, மந்திரின்னு சொல்லல. மூணாம் கிளாஸோட நின்ன மனுசன் அப்பா. அந்த ரெண்டு மணி நேரம் ஒரு காலேஜ் வாத்தியாரு தனக்குப் பாடம் எடுக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு நின்னுச்சு போல. இத நான் பாலுகிட்ட சொல்லல. சொன்னா அவன் கட்சி ஜெயிச்ச மாதிரி ஆயிரும்.

போன மாசம் ஸ்கூல் ஃபைல் ஒண்ணுக்காக நுங்கம்பாக்கம் போனேன், டிபிஐக்கு, அதான் பள்ளிக் கல்வித் துறை ஆபீசுக்கு. இப்ப அந்த வளாகத்துக்கே பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்னு பேரு வெச்சு, சிலையும் வெச்சிருக்காங்க, நூற்றாண்டுக்காக. ஸ்கூல் கட்டடங்களுக்குப் போடுற 7,000 கோடித் திட்டத்துக்கும் அவரு பேருதான். நான் ஆட்டோக்காரர்கிட்ட வேணும்னே புதுப் பேரச் சொன்னேன். "அது எங்க சார்?"னாரு. "டிபிஐ"ன்னேன். "அப்படிச் சொல்லுங்க"ன்னாரு. சிலை முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன், ஃபைல் கட்ட கக்கத்துல வெச்சுக்கிட்டு. எனக்கும் 57 ஆகுதுடா. நம்ம செட்டுல மேடையில பேசுனது நீ, நான், பாலு மூணு பேருதான். நீ புனேக்குப் போயிட்ட. நான் ஹெட்மாஸ்டர் ஆகி சத்துணவு முட்டை எண்ணிக்கிட்டு இருக்கேன். அவன் ஒருத்தனுக்குத்தான் இன்னும் அந்த அரிப்பு மிச்சம் இருக்கு. அவனத் தடுக்கணும்னு நான் துடிக்கிறது அவன் நல்லதுக்கா, இல்ல வயித்தெரிச்சலான்னு அங்க நிக்கும்போது ஒரு செகண்ட் சந்தேகம் வந்துருச்சு. நீயே சொல்லு. பொய் சொல்லாம சொல்லு.

ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது. அன்பழகன் தன்னப் பத்தி ஒரு வரிசை சொல்லுவாரு, நீயும் கேட்டிருப்ப. மொதல்ல மனிதன், ரெண்டாவது அன்பழகன், மூணாவது சுயமரியாதைக்காரன், நாலாவது அண்ணாவோட தம்பி, அப்புறம் அஞ்சாவதாத்தான் கலைஞரோட தோழன். பார்த்தியா, எழுந்து நின்ன மனுசன் மனசுக்குள்ள தலைவர எத்தனாவது எடத்துல வெச்சிருந்தாருன்னு! அதுவும் தொண்டன்னு சொல்லல, தோழன்னுதான். அப்படி ஒரு வரிசை பாலு மனசுல இருந்தா எவன் வண்டிக்கும் அவன் எழுந்து நிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. இருக்கான்னுதான் தெரியல. கேக்கவும் கூச்சமா இருக்கு, முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்துல இந்த மாதிரி கேள்வியெல்லாம் நாம கேட்டுக்கிட்டதே இல்லையே.

நீ கேளு. உன்கிட்ட சொல்லுவான், தயிர்சாதம் மேட்டர்ல உனக்கு மட்டும்தானே உண்மையச் சொன்னான். வர்ற 20ஆம் தேதி விஆர்எஸ் பேப்பர் போடுறானாம், அதுக்குள்ள கூப்புடு. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல கூப்புடு, காலையில மாவட்டம் வீட்ல இருப்பான். சுமதிகிட்ட நான் எழுதுனேன்னு சொல்லாத, பென்ஷன் கணக்கு போட்ட நோட்ட எடுத்துட்டு எனக்கு வீடியோ கால் பண்ணிரும்.

அப்புறம் தயவு செஞ்சு மெசேஜ்ல வாழ்த்து கீழ்த்து எதுவும் போட்டுறாத. க் போட்டு அனுப்பித் தொலைச்சா மத்த எதுவும் பேச மாட்டான்.

முரளி