ஓய்வு நாளே இல்லாத காவலர் தேர்வுப் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் விடியற்காலை நாலரைக்கே ஓட்டம் தொடங்கிவிடும். தமிழகக் காவலர் தேர்வுக்குப் போகிறவர்கள், ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குப் போகிறவர்கள், எல்லைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து கேரள பி.எஸ்.சி. காவலர் தேர்வு எழுதும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கிரவுண்டு, ஒரே அட்டவணை. காலையில் ஓட்டம், மாலையில் தண்டால், பார், கயிறு. வாரம் ஏழு நாளும் இதேதான். பிள்ளைகளின் உழைப்பில் குறையில்லை, அட்டவணையில்தான் கோளாறு.

ஒவ்வொரு தேர்வும் கேட்பது வேறு. தமிழகக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி கிடைக்கிறது. கேரளத்தில் எட்டு போட்டிகளில் ஐந்தில் தேற வேண்டும். அதில் 1500 மீட்டரை எடுத்தால் 5 நிமிடம் 44 விநாடி, அதாவது ரவுண்டுக்கு 92 விநாடிக்குள். அக்னிவீர் ஓட்டத்தில் அதிக மதிப்பெண் தரும் முதல் பிரிவுக்கு 1600 மீட்டர், 5 நிமிடம் 30 விநாடி. ரவுண்டுக்கு 82 விநாடி சொச்சம். 7 நிமிடம் போதும் என்கிற பையன் 82 விநாடிக்காரனோடு தினமும் மல்லுக்கு நின்றால், தேர்வு நாளில் கிரவுண்டுக்கு வரமாட்டான். எலும்பு மருத்துவரிடம் உட்கார்ந்திருப்பான்.

காரணம் இதுதான். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அப்படிப் பழகாது. சுமை கூடும்போது பழைய எலும்பு முதலில் அரிக்கப்பட்டு, அதன் பிறகே புது எலும்பு படிகிறது. இந்த இடைவெளியில் தினமும் தார் ரோட்டில் கால் இடிபட்டால் எலும்பில் கீறல் விடும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் அது எலும்பை ஒட்டிய சவ்வின் வலியாக இருக்கலாம். தூரத்தைக் குறைத்து, ஐஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்து, படுத்திருக்கும்போதும் விடாவிட்டால் கீறலைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று மறுநாளே ஓடுவதுதான் பெரிய ஆபத்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கீறல் உறுதியானால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. டைக்ளோபினாக் வலி ஊசி போட்டுக்கொண்டு ஓடினால் வலி மட்டுமே மறையும், கீறல் முறிவாகிவிடலாம்.

புளியரை எஸ் வளைவு மலைச்சாலையில் ஓடி ஏறி இறங்கும் பழக்கமும் பெருகிவிட்டது. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருப்பதால் நார்கள் அதிகம் சேதமாகும். அவை ஆற இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே மறுபடி இறங்கக் கூடாது. (அந்த இருட்டில் கனிம லாரிகளுக்கு நடுவே ஓடுவது தனிக் கடிதத்துக்குரிய விஷயம்.)

புதிதாகச் சேர்ந்தவனை முதல் நாளே முந்நூறு பஸ்கி எடுக்க வைக்கும் வீரமும் நடக்கிறது. ஓரிரு நாளில் தொடை வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைகள் செய்ய வேண்டும். வலி மாத்திரை தொடவே கூடாது. அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். சாரல் காலத்தில் வியர்ப்பதே தெரியாது, தண்ணீர் குடிக்கவும் மறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் ஓட்டம் உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, படபடப்பு இருந்தால் இ.சி.ஜி. பார்த்த பிறகுதான் கிரவுண்டு.

தமிழகக் காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். அதற்காகச் சோற்றைக் குறைத்து ஓடுகிறவர்களுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் நின்றுபோனால், எலும்பும் தேயத் தொடங்கியிருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எத்தனை ரவுண்டு ஓடினாலும் நேரம் குறைவது கடினம்.

7 நிமிட இலக்குக்கு வாரம் மூன்று ஓட்டம் போதும். ஒரு நாள் 400 மீட்டர் ஐந்து முறை, தலா 1 நிமிடம் 50 விநாடியில், இடையில் இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நாலைந்து கிலோமீட்டர். மூன்றாவது ஓட்டம் 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும். கயிறு, தண்டால், பார் இரண்டு நாள். மீதி இரண்டு நாள் ஓய்வு. அதில் ஒன்று முழு ஓய்வு. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் பாதி. தேர்வுக்கு முந்தைய பத்து நாளில் வேகத்தை விடாமல் தூரத்தை மட்டும் பாதியாக்க வேண்டும். நாலரைக்கு எழுகிறவர் எட்டரைக்கே படுக்க வேண்டும். பதினொரு மணிவரை செல்போன் பார்த்தால் கணக்கு இடிக்கும்.

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட எட்டு, பத்து துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்து, தூக்கமும் கெட்டு, ஓட்ட நேரமும் கூடினால் ஓடாமல் இருங்கள். ஆரம்பத்தில் சில நாள் ஓய்வே போதும். முரண்டு பிடித்துத் தொடர்ந்தால் மீள மாதக்கணக்கில் ஆகும்.

தேர்வுக் குறிப்புகளும் மாதிரி அட்டவணைகளும் வெளியிடும் நாளிதழ்கள், பயிற்சி மையங்கள் அதில் ஓய்வு நாளையும் கிழமை குறிப்பிட்டு அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள்,
செங்கோட்டை.