நான்கில் மூன்றே தெரிந்தன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பப் படங்களையும் நிலப் பத்திர நகல்களையும் வீட்டுச் சர்வரில் சேமித்து வைத்திருப்போர், அதிலுள்ள ஹார்ட் டிஸ்க்குகள் அனைத்தும் கணினிக்குத் தெரிகின்றனவா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கை, பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இயக்கும் ரெய்டு 5 முறையில் இணைத்திருந்தோம். சித்திரைத் திருவிழாப் படங்களை ஏற்றிய அன்று தற்செயலாகப் பார்த்தபோது பட்டியலில் மூன்று மட்டுமே இருந்தன. ஒரு டிஸ்க் இல்லாவிட்டாலும் ரெய்டு 5 தொடர்ந்து இயங்கும் என்பதால் கோப்புகள் யாவும் வழக்கம்போலத் திறந்தன. ஆபத்தே அதில்தான் இருக்கிறது, ஏனெனில் அந்நிலையில் இன்னொன்றும் பழுதானால் மொத்தச் சேமிப்பும் போய்விடும். நல்வேளையாக, டிஸ்க்கைக் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்ததுதான் காரணம். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்.எஸ்.டி. எனும் சிறு சேமிப்பு அட்டையைப் பொருத்தினாலும் ஓரிரு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும்.

கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலும் இயங்குதளத்திலும் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் (சீரியல் நம்பர்) குறித்து வைத்துக்கொள்வது அவசியம். இல்லையெனில் பழுதானதற்குப் பதிலாக நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட நேரும். சர்வர் அமைத்துத் தருவோர், டிஸ்க் விடுபட்டால் மின்னஞ்சல் வரும் வசதியை இயக்கிக் காட்டிய பிறகே அதை ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.